புதுப்பிப்பு: பைக் பேட்டரி சார்ஜ் ஏறாத பிரச்சினை தீர்ந்தது

புது பேட்டரி போட்டும் சில நாளில் செல்ஃப் எடுக்காமல் போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ரெகுலேட்டரை (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) மாற்றச் சொல்லித்தான் பலரும் பதில் போட்டீர்கள். காரணம் அதுவல்ல, வயர்களை இணைக்கும் கப்ளர்.

இன்ஜினை 4000 ஆர்பிஎம்மில் வைத்து அளந்தால் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் வந்தது. 13.5-க்கு மேல் வர வேண்டும். ஸ்டேட்டரின் (இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயில்) மூன்று மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளந்தேன், மூன்றும் சமம். பாடியோடு ஷார்ட்டும் இல்லை. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது: மல்டிமீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டர் பாசிட்டிவ் வயரிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும், இன்ஜின் ஓடும்போதே வைத்தால் 1.8 வோல்ட் காட்டியது, அதாவது அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது. நல்ல வயரில் அரை வோல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. நடுவில் இருந்த கப்ளரைக் கழற்றினால் பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்தால் மின்தடை கூடும், அந்த இடமே சூடாகும்.

கருகிய பகுதியை வெட்டிவிட்டுப் புது டெர்மினலை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்), மேலே சூட்டில் சுருங்கும் உறை (ஹீட் ஷ்ரிங்க்) போட்டாயிற்று. இப்போது 14.1 வோல்ட். இதே தொல்லை உள்ளவர்கள் ரெகுலேட்டர் வாங்கும் முன் தயவுசெய்து அந்தக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்.