வீட்டில் செய்த பிஸ்கட், கேக் விற்க உரிமம் வேண்டுமா?

கேள்வி:
எட்டு மாதங்களாக அக்கம்பக்கத்தாருக்கு பிஸ்கட்டும் கிரீம் கேக்கும் செய்து விற்கிறேன். போன வாரம் ஒரு தாய், "இதில் வேர்க்கடலை இருக்கிறதா? என் மகனுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று கேட்டார். மாவில் கடலை இல்லை. ஆனால் முந்தைய நாள் அதே டிரேயில்தான் கடலை பிஸ்கட் செய்திருந்தேன். ஆர்டரை ஏற்கவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை. பதிவு செய்ய வேண்டுமா? நான் இருப்பது வாடகை வீடு.

பதில் 1:
செய்ய வேண்டியிருக்கும். சிறிய அளவு என்பதால் சட்டம் கண்டுகொள்ளாது என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கென எளிய பதிவு முறை பல நாடுகளில் உண்டு. உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே செய்கிறீர்கள் என்பதைப் போலவே, என்ன செய்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். உலர்ந்த பிஸ்கட்டில் கிருமி வளர ஈரம் போதாது. பால் கிரீம் அப்படியல்ல. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைத்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். வீட்டிலிருந்து கிரீம் கேக் விற்கச் சில இடங்களில் அனுமதியே கிடையாது. உங்களுடையது பால் கிரீமா?

கேட்டவர்:
ஆம், பால் கிரீம்தான்.

பதில் 1:
அப்படியானால் பதில் கிடைக்கும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

பதில் 2:
கடலை விஷயத்துக்கு லேபிள் போதும். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுங்கள். எடை, தேதி, முகவரியும் வேண்டும். "கடலை கையாளும் சமையலறையில் செய்தது" என்று சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது.

பதில் 3:
முடியாது, ஐயா. எச்சரிக்கை வாசகம் கவனக்குறைவுக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல. கடலைப் புரதம் அடுப்புச் சூட்டில் அழியாது. டிரேயைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கடலை இல்லாததை முதலில் செய்ய வேண்டும். அதன் பிறகும் "கடலை அற்றது" என்று எழுதாதீர்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் துளி கடலையும் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த ஆர்டரை மறுத்தது மிகச் சரி, சகோதரி.

வாடகை ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், அது வியாபாரத்தையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கேட்டவர்:
ஒப்பந்தத்தில் "வசிப்பதற்கு மட்டும்" என்றிருக்கிறது. உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்கிறேன். கையிலிருந்த இரண்டு கிரீம் கேக் ஆர்டர்களின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடலைக்கென்று தனி டிரேயும் வாங்கிவிட்டேன். நாளை காலை அலுவலகத்துக்குப் போகிறேன்.