ஓயாக்கரையில் ஓடும்போது எதிரே வந்தவை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடுகிற மூன்று பேர் எழுதியது.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து

ஆறு வருடமாக நான் ஓடுகிற பாதை இது. பணியக்கணக்கு (தோட்டத்தின் கீழ்ப்பிரிவு) லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, குறுக்கால இறங்கினால் கொத்மலை ஓயா என்கிற ஆறு. கரையோடு ஒன்றரைக் கிலோமீற்றர் யூக்கலிப்டஸ் காடு, அப்புறம் ஒரு பாலம், பாலம் தாண்டியதும் சோலை, சோலைக்கு மேலே மேக்கணக்குத் (மேல்பிரிவு) தேயிலை மலை. அங்கிருந்து தேயிலை ஆலைக்குப் போகிற ஸ்டோர் ரோட்டைப் பிடித்தால் வீடு. மொத்தம் ஏழு கிலோமீற்றர். இதை யாரும் ஓட்டத்துக்காக வெட்டவில்லை. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள் போட்ட தடம். மூச்சு முட்டுகிற இடத்தில் சரியாக ஒரு திருப்பம் வரும், வழுக்குகிற இடத்தில் யாரோ ஒரு கல்லைப் பதித்து வைத்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள், காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே. ராத்திரி முழுக்க மழை. லயத்து நாய் ஒன்று வழக்கம்போலப் பின்னாலேயே வந்தது. சோலை முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் நாய் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், வரவில்லை. வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, குரைக்காமல் நின்றது. திரும்பிப் பார்த்தபோது முன்னால் இருபது அடியில், தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் சிறுத்தை உட்கார்ந்திருந்தது. பனியில் முதலில் கல் என்றுதான் நினைத்தேன். காது அசைந்தது. முதுகு ரோமத்தில் மழைத்தண்ணீர் முத்து முத்தாக நின்றது வரைக்கும் தெரிந்தது.

கால் இரண்டும் இறக்கத்தில் ஓடத்தான் துடித்தது. எப்படி நின்றேன் என்று இன்றும் தெரியாது. முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னே வைத்தேன். அது எழுந்தது, அவசரமே இல்லாமல் கானைத் தாண்டித் தேயிலைக்குள் போனது. இடுப்பளவுத் தூர்கள் ஒரு கோடாக அசைந்தன, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நடுங்கிக்கொண்டு பாலத்துக்குத் திரும்பினால், பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) முடிந்து மலைக்கு ஏறுகிறவர்கள் எதிரே வந்தார்கள். முன்னால் வந்த அம்மாயி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“பாத்துட்டீங்களா தம்பி? ஓடுனீங்களா?”

“இல்ல அம்மாயி, நின்னுட்டேன்.”

“நின்னீங்களே, அது போதும். குட்டி போட்டிருக்கு. ரெண்டு நாளா அந்தப் பக்கம் நாங்க கொழுந்து எடுக்கல.”

“இப்ப எப்படிப் போவீங்க?”

“சத்தம் போட்டுக்கிட்டேதான். நாம வர்றோம்னு அதுக்குத் தெரியணும்ல.”

ரெண்டு நாளாகச் சொல்லியும் மேலே யாரும் வந்து பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் விருப்பத்துக்கு அந்த வழி போகிறவன், வேண்டாமென்றால் ரோட்டில் ஓடலாம். அன்றைய சம்பளத்துக்கு நாள் பேர் விழ வேண்டுமென்றால் அவர்கள் அந்த மலைக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

அன்றிலிருந்து சோலைக்கு மேலே உள்ள அந்த இருநூறு மீற்றரைக் கையைத் தட்டிக்கொண்டு நடந்தே கடக்கிறேன். நேரம் கூடுகிறது. கூடட்டும்.

ஓயாவைப் பற்றியும் ஒன்று. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபிறகு அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, பாறைதான் அதிகம் தெரிகிறது. பாறை மேல் தாவி ஓட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மழை பலத்தால் வான்கதவைத் திறப்பார்கள். நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும், அக்கரப்பத்தனைப் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கும். தண்ணீர் கலங்கலாக மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து

தம்பி நின்றதைச் சொன்னார். நான் ஓடியதைச் சொல்கிறேன்.

எனக்கு மவுசாக்கலை நீர்த்தேக்கத்து ஓரம்தான் பாதை. கோடையில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா டவுன் மேலே வரும். மூழ்கிப்போன கோயிலின் கல் தெரியும். அந்தச் சமயத்தில் வெடித்த சேற்றுத் தரையில் ஓடுவது வேறு மாதிரி. எங்கள் அப்பாயி சின்ன வயதில் தேர் பார்த்த இடத்தில் நான் ஓடுகிறேன். கோயில் பக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். அங்கே அப்படித்தான் தோன்றுகிறது.

தொடங்கிய முதல் மாதம் மலையில் நிற்கிற அக்காமார் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “ஏன் புள்ள ஓடுற, யாரும் தொரத்துறாங்களா?” அடுத்த மாதம், “யாரு மக நீ?” மூன்றாம் மாதம் கேள்வி இல்லை, நான் வரப் பிந்தினால்தான் கேட்பார்கள். பொம்பளைப்பிள்ளை தனியாக ஓட எது காவல் என்று கேட்கிற தங்கச்சிகளுக்கு இதுதான் என் பதில். ஆட்கள் வேலை செய்கிற மலை வழியாக, அவர்கள் வேலை செய்கிற நேரத்தில் ஓடுங்கள். முகம் தெரிந்திருக்கட்டும்.

குளவி கலைந்த அன்று அந்த அக்காமார்தான் என்னைக் காப்பாற்றினார்கள். பெரிய மரத்தில் கட்டியிருந்த கூட்டைப் பருந்து கொத்தியிருக்க வேண்டும். முதலில் தூரத்தில் மோட்டர் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். மேலே பார்ப்பதற்குள் கழுத்தில் இரண்டு கொட்டு. ஒரு அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்கை உருவி என் தலையோடு போர்த்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார். படங்குக்குள் தேயிலைச் சாற்று வாசமும் இருட்டும்தான் தெரிந்தது. எனக்கு நாலு கொட்டு. படங்கைக் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு ஓடிய அவருக்குப் பதினொன்று. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். மூச்சுத் திணறல், உடம்பு தடித்தல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

சிறுத்தைக்கு நிற்க வேண்டும். குளவிக்கு, முகத்தை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும்.

அப்புத்தளைப் பக்கத்திலிருந்து

சுருக்கமாக. போன வருடம் காட்டோரத்தில் ஓடும்போது வலது கால் பின்னாலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் முன்னால் விழுந்தேன். குனிந்து பார்த்தால் கணுக்காலில் சுருக்குக் கம்பி. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள், ஒரு கன்றில் கட்டி, புல்லால் மூடியிருந்தது. பன்றிக்கு வைத்தது. கழற்றக் கழற்ற இறுகியது. காலைத் தளரவிட்டு, முடிச்சைப் பின்னுக்குத் தள்ளினால்தான் விட்டது. கை இருந்ததால் நான் தப்பினேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் இதே மாதிரிக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. அந்தப் படம் அன்றைக்கு முழுக்கக் கண்ணிலேயே நின்றது.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முதல் கட்ட எச்சரிக்கை விடும். அன்று நான் சரிவுப் பாதையில் கால் வைப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயம் லயமாக மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த யாரும் வைக்கமாட்டார்கள். சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்ந்து நிற்பது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் ஓட்டத்தை விட்டுவிட்டு முதலில் லயத்து ஆட்களிடம் சொல்லுங்கள். நாம் ஒரு நாளில் பார்க்கிற தூரத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து, மறுபடியும்

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிறு காலை ஓடாமல் சோலை ஓரமாக நடந்து பார்த்தேன். மூன்று கம்பி இருந்தது. ஒன்று, சிறுத்தை உட்கார்ந்திருந்த அதே கானுக்கு மேலே. அம்மாயியின் பேரனும் நானும் மூன்றையும் வெட்டிச் சுருட்டி எடுத்துவந்தோம். அடுத்த ஞாயிறு கரையின் மறுபக்கம் பார்க்கப் போகிறோம். அவன் வீட்டிலிருந்து குறடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.