ஃப்ளோ ரியாக்டரில் ஆல்டிஹைடு ஆக்சிஜனேற்றம்: ஃபார்மேட்டைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம். 2-எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்டிஹைடை ஃப்ளோ ரியாக்டரில், அதாவது மெல்லிய குழாயில் தொடர்ந்து ஓடவிட்டு, 2-எத்தில்ஹெக்சனாயிக் அமிலமாக மாற்றும் வேலையில் இருக்கிறேன். கரைப்பான் இல்லை, 1 மி.மீ. உள்விட்டமுள்ள பிஎஃப்ஏ (ஃப்ளோரின் கொண்ட பிளாஸ்டிக்) குழாய், தூய ஆக்சிஜன், கடைசியில் பேக் பிரஷர் ரெகுலேட்டர் (உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு) வைத்து 5 பார் அழுத்தம், அறை வெப்பநிலை, வினையூக்கியாகக் கொஞ்சம் மாங்கனீசு உப்பு.

ஆல்டிஹைடு நன்றாகவே தீர்கிறது, ஆனால் 3-ஹெப்டைல் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் எஸ்டர், வேண்டாத பக்க விளைபொருள்) விடாமல் கூடவே வருகிறது. முதலில் உருவாகும் பெர்அமிலம் (கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணு கொண்ட அமிலம்) இன்னொரு ஆல்டிஹைடு மூலக்கூறோடு சேரும்போது ஹைட்ரஜன் இடம்பெயர்ந்தால் அமிலம், ஆல்கைல் தொகுதி இடம்பெயர்ந்தால் ஃபார்மேட், இதுவரை புரிகிறது. கார்பாக்சிலேட் உப்பு (கார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு) சேர்த்தால் ஃபார்மேட் குறையும் என்று படித்தேன். சோடியம் 2-எத்தில்ஹெக்சனோயேட் போட்டவர்கள் எவ்வளவு போட்டீர்கள், குழாய் அடைத்துக்கொண்டதா?

அப்புறம் 3-ஹெப்டனோன் என்ற கீட்டோனும் பக்க விளைபொருளாகத் தெரிகிறது. குழாயின் பின்பாதியில் வாயுக்குமிழிகள் சுருங்கி ஏறக்குறைய மறைந்தே போகின்றன, அங்கே ஆக்சிஜன் பற்றாமல் அசைல் ரேடிக்கல் (ஆல்டிஹைடு ஒரு ஹைட்ரஜனை இழந்து உருவாகும் இடைநிலைத் துண்டு) கார்பன் மோனாக்சைடை இழக்கிறது என்பது என் ஊகம். இதற்கு வாயு ஓட்டத்தைக் கூட்டுவது நல்லதா, நடுவில் இன்னொரு இடத்தில் ஆக்சிஜன் செலுத்துவதா? ஓட்டத்தைக் கூட்டினால் திரவம் உள்ளே தங்கும் நேரம் குறைந்துவிடுகிறது, அதுதான் தயக்கம்.

மாதிரியை ஜிசியில் (வாயு நிறப்பகுப்புக் கருவி) ஏற்றும் முன் டிரைஃபீனைல்பாஸ்பீன் போட்டு பெர்அமிலத்தை அழித்துவிடுகிறேன், ஆகவே எண்களை நம்பலாம். நேரடியாகச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள், பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கை இருந்தால் அதையும் சேர்த்து.