செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல: உங்களுக்கு எங்க நின்னுச்சு?

காட்பாடி கியர்:
போன கத்திரி வெயில்ல நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கினே இருக்கு. வாணியம்பாடிலேர்ந்து வந்துக்கினு இருந்தேன், மாதனூராண்ட டீக்கு நிறுத்தி குடிச்சிட்டு வந்து சாவி திருப்புனா செல்ஃப் ஜம்முனு சுத்துது, ஆனா எடுக்கல. பெட்ரோல் இருக்கு. பேட்டரி புதுசு. இதே கம்ப்ளெயிண்டுக்குதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல பேட்டரி மாத்தி பம்பு மாத்தி பிளக்கு மாத்தி பில்லு போட்டாங்க, அங்க போறதுக்குள்ள வண்டி ஆறிடும், நல்லா ஸ்டார்ட் ஆவும், அப்புறம் இன்னாத்த கண்டுபுடிக்கிறது. பக்கத்துல தோல் லோடு லாரி ஒண்ணு நின்னுச்சு, அதுலேர்ந்து ஒரு பெரியவர் பீடியோட வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. பானெட்ட தொறக்கச் சொல்லல. "இன்னொரு தபா அடி நைனா"ன்னாரு. நான் அடிக்கறேன், மனுஷன் இஞ்சின் பக்கமே திரும்பல, மீட்டர் போர்டையே மொறைச்சிக்கினு இருக்காரு. "செல்ஃப் சுத்தும்போது ஆர்பிஎம் முள்ளு துளியாவது துள்ளணும், செத்து கெடக்குது பாரு, இஞ்சின் சுத்தறத கம்ப்யூட்டருக்கு சொல்ற கிராங்க் சென்சாரு சூட்டுல மயங்கிடுச்சு"ன்னுட்டு கீழ கைய உட்டு கியர்பாக்ஸ் சேர்ற எடத்துல ஈரத்துணிய வெச்சாரு. கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்துட்டு அடிச்சா ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு. காசு நீட்டுனேன், கைய தட்டி உட்டுட்டு போயிட்டாரு. சென்சார் மாத்துனேன், அப்புறம் தொல்லையே இல்ல. ஆனா லாரி ஓட்றவருக்கு பெட்ரோல் காரோட சென்சாரு எப்டிங்க தெரிஞ்சுது?

ஆம்பூர் ஸ்டெப்னி:
இதுல இன்னா அதிசயம். லாரியும் இப்ப ஃபுல்லா எலக்ட்ரானிக்தான், 2020ல பிஎஸ் 6 புகை விதி வந்தப்புறம் எந்த லாரில சென்சார் இல்ல சொல்லுங்க. அவங்க நடுரோட்ல நின்னு நின்னு கத்துக்கினது. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த முள்ளு கதை எல்லா வண்டிக்கும் செட் ஆவாது. நல்லா இருக்கற வண்டியே சிலது ஸ்டார்ட் ஆனப்புறம்தான் முள்ள காட்டும், முள்ளு ஆடலன்னு ஓடிப்போய் சென்சார் வாங்கிடாதீங்க. வண்டில ஸ்கேனர மாட்டி, செல்ஃப் அடிக்கறப்போ சென்சார் சிக்னல் வருதான்னு லைவ் டேட்டா பாக்கணும்.

என் கதை சின்னது. மச்சான் நிக்காஹ், மாப்பிள்ளை உக்காந்துட்டாரு, வண்டி டிக் டிக் டிக் டிக்னு மட்டும் சொல்லுது. பிரியாணி பண்டாரி வந்து பாத்துட்டு, டெர்மினல்ல வெள்ளையா பூத்திருக்குன்னு அடுப்பாண்டேர்ந்து ஒரு மக்கு சுடுதண்ணி கொண்டாந்து ஊத்துனாரு. பூத்ததெல்லாம் கரைஞ்சு ஓடுது, மாப்பிள்ளை கண்ணாடிய எறக்கி "பாய், தம் போட்டாச்சா"ன்னு கேக்கறாரு. நட்ட முறுக்குனோம், எடுத்துச்சு.

சத்துவாச்சாரி அக்கா:
நீங்க எல்லாம் வெயில்ல நின்னீங்க, நான் ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். அம்மாவ டிஸ்சார்ஜ் பண்ணி உக்கார வெச்சாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு செகண்டுல ஆஃப். திரும்ப ஆகுது, ஆஃப். டோ வண்டிக்கு போன் பண்ணா, பாக்காமலே "ஈசிஎம், வண்டியோட கம்ப்யூட்டரே போச்சு மேடம், பெரிய செலவு"ன்னு ஒருத்தர் சொல்றார். வாட்ச்மேன் அண்ணா டார்ச் அடிச்சுட்டு, அது ஏம்மா அந்த சாவி படம் மட்டும் மின்னுதுன்னு கேட்டாரு. அப்பதான் பாக்கறேன், தம்பி அன்னிக்குதான் அவன் வண்டி சாவியையும் என் வளையத்துல கோத்து குடுத்துட்டு போயிருக்கான். ரெண்டுலயும் திருட்டுத் தடுப்பு சிப்பு, எது தன்னோட சாவின்னு வண்டி குழம்பிடுச்சு. தனியா கழட்டி போட்டேன், ஓடிச்சு. அம்மா பின்சீட்லேர்ந்து "இதுக்குதான் சாவிய சாமி படத்தாண்ட மாட்டுன்னு சொன்னேன்"ங்கறாங்க, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தமோ. அந்த டோ ஆள நெனச்சாதான் இன்னும் எரியுது.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
எனக்கு ஏலகிரில நின்னுச்சு, எலி ஒயர கடிச்சிருந்துச்சு, அவ்ளோதான். ஆனா மேல எல்லாரும் கதை சொல்றீங்க, மொறையா பாக்கறது எப்டின்னு யாரும் சொல்லல. முதல்ல சத்தத்த கேளுங்க. டிக் டிக்னு தொடர்ந்து வந்தா பேட்டரி டவுன், இல்ல டெர்மினல் லூசு. ஒரே ஒரு டொக்குன்னு வந்து நின்னா, லைட்டும் மங்காம இருந்தா, செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்க. நல்லா சுத்தியும் எடுக்கலன்னாதான் பெட்ரோல், கரண்ட்டு, சென்சார். சாவிய ஆன் வரைக்கும் திருப்பிட்டு பின்சீட்டாண்ட காது வெச்சா நெறைய வண்டில ரெண்டு செகண்டு பம்பு ஓடற சத்தம் கேக்கும், கேக்கலன்னா ஃபியூஸ், ரிலே. வோல்ட் மீட்டர் இருந்தா, ராத்திரி நின்ன வண்டியோட பேட்டரில 12.6 வோல்ட் இருக்கணும், செல்ஃப் அடிக்கறப்போ 9.6க்கு கீழ போனா பேட்டரி வீக்கு, வண்டி ஓடறப்போ 14 கிட்ட வரலன்னா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பாருங்க. வேலூர் வெயில்ல பேட்டரி சீக்கிரம் போவும், இஞ்சின் சூடு வேற, கடைக்காரன் சொல்ற வாரண்டிய நம்பி உக்காராதீங்க. வேற வண்டி பேட்டரிலேர்ந்து ஜம்பர் ஒயர் போடறப்போ கடைசி கருப்பு கிளிப்ப செத்த பேட்டரி மைனஸ்ல போடாதீங்க, கொஞ்சம் தள்ளி இஞ்சின் இரும்புல போடுங்க, பேட்டரில கேஸ் வரும், பொறி பட்டா வெடிக்கும். சுடுதண்ணியும் ஊத்தக்கூடாது.

ஆம்பூர் ஸ்டெப்னி:
ஏலகிரி கதைய ரெண்டு வரில முடிச்சிட்டு எங்களுக்கு கிளாஸ் எடுக்கறீங்களே. சுடுதண்ணி ஏன் ஊத்தக்கூடாது? பூத்தது கரையும்ல?

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
கரையும், யாரு இல்லன்னது. கரைஞ்ச ஆசிட் தண்ணி ஒயர் மேலயும் பெயிண்ட் மேலயும் ஓடும். டெர்மினல கழட்டி, சோடா உப்பு கரைச்ச தண்ணில பிரஷ் போட்டு தேச்சு, தொடைச்சு, வேசலின் தடவணும். முதல்ல மைனஸ் கழட்டணும்.

ஆம்பூர் ஸ்டெப்னி:
மாப்பிள்ளை உள்ள உக்காந்திருக்காரு, நான் சோடா உப்பு தேடிக்கினு இருக்கவா? நல்லா சொன்னீங்க.

பாகாயம் பழசு:
சண்டை போடாதீங்கப்பா. எங்க அப்பா அம்பாசடர் ஓட்டுனாரு, மே மாசத்துல கார்ப்புரேட்டருக்கு போற பெட்ரோல் பைப்புலயே ஆவியாயிடும், பம்பு இழுக்காது. மொகம் தொடைக்கற துண்ட நனைச்சு பம்பு மேல சுத்துவாரு. ஒருநாள் அமிர்தி போற வழில தண்ணியே இல்ல. சவாரி வந்த அம்மா கூடைலேர்ந்து நுங்கு தண்ணிய எடுத்து துண்டுல ஊத்திட்டாங்க. வண்டி எடுத்துச்சு, வீடு வர்ற வரைக்கும் பானெட்டுலேர்ந்து ஈ போவல. இப்ப வர்ற வண்டில பம்பு டேங்குக்குள்ளயே இருக்கு, இந்த வைத்தியத்துக்கு வேலையில்ல. ஃபிட்டர் சார், அந்த எலி ஒயர கடிச்சத எப்டி கண்டுபுடிச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க, என் வண்டிக்குள்ள இப்ப ஒண்ணு இருக்கு.