தென்னாப்பிரிக்காவில் வீட்டு பார்ட்டிக்கு போலீஸ் வந்தால் எதுவரை வரலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூர்ட்டன் தம்பி, சாட்ஸ்வொர்த்:

பெரியம்மா பேரனுக்கு 21 வயது நிறைந்ததைக் கொண்டாடினோம். முற்றத்தில் பந்தல், விறகடுப்பில் பிரியாணி அண்டா, கார் ஷெட்டில் டிஜே. சாட்ஸ்வொர்த் ஒட்டு வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் சுவர்தான் அடுத்தவருக்கும் சுவர். பதினொரு மணி வாக்கில் கேட்டுக்கு வெளியே நீல விளக்கு சுழன்றது. பையன்கள் மொத்தமும் கேட்டுக்கு ஓடினார்கள். மாமா "எல்லாரும் உள்ளே போங்கடா" என்று ஓர் அதட்டுப் போட்டார். டிஜேவை நிறுத்தச் சொல்லிவிட்டு, தான் மட்டும் வெளியே போய், கேட்டைப் பின்னால் சாத்திக்கொண்டு ரோட்டில் நின்றார்.

பெயரும் முகவரியும் கேட்டார்கள். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அது சரிதான். 1977ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவரும் சாட்சியாகக்கூடியவரும் பெயரைச் சொல்ல மறுத்தால் அதற்காகவே கைது செய்யலாம். பொய்ப் பெயர் என்று தோன்றினால் சரிபார்க்க 12 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். இந்த விஷயத்தில் வீராப்புக் காட்டி லாபமில்லை.

அப்புறம் ஒருவர், "உள்ளே ஒரு பார்வை பார்க்கலாமா?" என்று சிரித்தபடி கேட்டார். மாமாவும் சிரித்தபடியே, "புகார் சத்தத்தைப் பற்றி, அதை நிறுத்தியாச்சு. உள்ளே வர நான் சம்மதிக்கவில்லை ஐயா" என்றார். அவ்வளவுதான், எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்கள். விசாரிப்பதற்காக ஓர் இடத்துக்குள் வாரண்ட் இல்லாமல் நுழைய அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அனுமதிக்கிறது, ஆனால் குடியிருக்கும் வீடாக இருந்தால் அங்கே இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்று அதே பிரிவே சொல்கிறது. "வாங்க சார், ஒரு பிளேட் பிரியாணி சாப்பிடுங்க" என்று கதவைத் திறந்துவிட்டு, பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்க முடியாது. நம் ஆட்களின் உபசாரம் வம்பாக முடிவது இந்த இடத்தில்தான்.

லெனேசியா அக்கா:

தம்பி சொன்னது சத்தத்துக்கு மட்டும் பொருந்தும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேறு மாதிரி ஆயிற்று. பாட்டில் உடைகிறது, பெண் ஒருத்தி அலறுகிறாள், போலீஸ் வந்து நிற்கிறது, வாசலில் ஒரு பையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு "வாரண்ட் எங்கே?" என்கிறான். அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். போனது சட்டப்படிதான். கண்ணெதிரே குற்றம் நடந்தால் 40ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். அந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் அல்லது நியாயமாகச் சந்தேகித்தால், கேட்கும்படி குரல் கொடுத்து, எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டுக் கதவை உடைத்தும் நுழையலாம், அது 48ஆம் பிரிவு.

ஆனால் அடித்தவனைப் பிடித்தபிறகு அங்கேயே நிற்காமல், மேல் மாடியில் பெரியவர் அறையில் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். எதைத் தேடுகிறீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. வாரண்ட் இல்லாமல் சோதனை போட 22ஆம் பிரிவு இரண்டே வழி வைத்திருக்கிறது. ஒன்று சம்மதம். இல்லையென்றால், கேட்டால் வாரண்ட் கிடைத்திருக்கும், ஆனால் அதுவரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம். புடவை மடிப்புக்குள் என்ன காரணம் இருந்ததோ! பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதையும் 29ஆம் பிரிவு சொல்கிறது. அன்று வந்தவர்களில் பெண்ணே இல்லை. "எங்களைத் தொடக்கூடாது" என்று வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் சொன்னதும் விலகிக்கொண்டார்கள்.

ஃபீனிக்ஸ் வாசி:

நான் இந்த மாதிரி ஒரு பார்ட்டிக்குப் பக்கத்து வீட்டு ஆள். போன் போட்டுப் புகார் சொன்னவன். மாமியார் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருக்கிறார், பக்கத்தில் ஜன்னல் அதிர்கிறது. போய்ச் சொன்னால், "பன்னிரண்டு மணி வரை எங்களுக்கு உரிமை இருக்கிறது அண்ணே" என்றார்கள். அப்படி ஓர் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அடுத்தவருக்கு இடைஞ்சல் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கும் இடைஞ்சல்தான். மாநகராட்சி விதிகளை அமல்படுத்துவது மெட்ரோ போலீஸின் வேலை, அதனால் சத்தத்துக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். அடிதடி என்றால் போலீஸ் அவசர எண் 10111.

வெருலம் மாமா:

கைதைவிட எனக்குப் பயம் அந்த அபராதச் சீட்டைப் பார்த்தால்தான். தங்கை மகன் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பார்ட்டியில் வாய்ச்சண்டை போட்டு ஸ்டேஷனுக்குப் போனான். "குற்றத்தை ஒப்புக்கொண்டு இதைக் கட்டிவிட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். சின்னத் தொகை. கைரேகையை வைத்து, கையெழுத்துப் போட்டு, கட்டிவிட்டு வந்து தூங்கிவிட்டான். பின்னால் வெளிநாட்டு வேலைக்காகப் போலீஸ் நற்சான்று கேட்டபோதுதான் அது வந்து நின்றது. 57ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தைக் கட்டுவதே பொதுவாக நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த கணக்கு. பார்க்கிங் அபராதம் மாதிரி இல்லை. பதிவிலிருந்து நீக்க விண்ணப்பிக்க பொதுவாகப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஏன் கட்டினான் என்று கேட்டால், பயம். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உண்மை, ஆனால் அந்த நேரம் விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த வேலை நாள் வரை நீள்கிறது. வெள்ளி ராத்திரி பிடிபட்டவன் திங்கள் வரை உள்ளே. அது தெரிந்துதான் வெள்ளி ராத்திரியில் அந்தச் சீட்டை நீட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். சின்னக் குற்றங்களுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுக்க 59ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வக்கீல் வரும்வரை வாய் திறக்காமல் இருக்கவும் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவனோ விடியும் வரை தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்!

மூர்ட்டன் தம்பி:

மாமா, கஞ்சா விஷயம்? பையன்கள் 2018 தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

வெருலம் மாமா:

தீர்ப்பு பெரியவர்கள் தனி இடத்தில் தாங்களே உபயோகிப்பதற்கு. குழந்தைகள் முன்னால் கூடாது, பிடிக்காத பெரியவர்கள் முன்னாலும் கூடாது. பாட்டியும் பேத்திகளும் உட்கார்ந்திருக்கும் பந்தல் அதில் எப்படிச் சேரும்? போதைப்பொருள் என்று சொன்னால் போதும், எந்த வீட்டிலும் வாரண்ட் இல்லாமல் நுழையலாம் என்ற பழைய காலமும் போய்விட்டது. 1992ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் அந்தப் பகுதிகளை 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அக்கா சொன்ன 1977 சட்டத்தின் 22ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

லெனேசியா அக்கா:

18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு பீர் கொடுப்பதும் குற்றம். பெற்றவர்கள் தங்கள் கண் முன்னால் தங்கள் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு மெட்ரிக் பார்ட்டி வைக்கிறவர்கள் கவனியுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசி:

போனில் படம் எடுத்தால் பிடுங்குகிறார்களே அக்கா?

லெனேசியா அக்கா:

எடுக்கலாம், வேலைக்குக் குறுக்கே போய் நிற்கக்கூடாது. எடுத்ததை அழி என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நான் முதலில் சட்டையில் இருக்கும் பெயரையும் வண்டி எண்ணையும் எடுப்பேன். கை வைத்து அடித்திருந்தால் அதே ராத்திரி டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். போலீஸ் அடித்த வழக்குகளை விசாரிக்க ஐபிட் என்று தனி அமைப்பு இருக்கிறது, புகாரோடு அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.