பொருள்: பேக்லிங்க்குக்கு "பின்னிணைப்பு" வேண்டாமே, "வருதொடுப்பு"னு வச்சா என்ன?

வணக்கம் அக்கா, எல்லாருக்கும் வணக்கம். பேக்லிங்க்குக்கு, அதாவது வேற தளத்துலேர்ந்து நம்ம தளத்துக்கு வர்ற லிங்க்குக்கு, தமிழ்ச்சொல் தேடிட்டு இருக்கோம்ல, அதுல அக்கா எழுதினதுக்குப் பதில் இது.

> பின்னிணைப்புன்னே இருக்கட்டும், கேட்ட உடனே புரியுதுல்ல, புதுசா ஒண்ணு எதுக்கு

இங்கதான் அக்கா எனக்கு மனசு ஒப்பல. புத்தகத்தோட கடைசில பட்டியல், வரைபடம்னு சேக்குறதுக்கு ஏற்கனவே பின்னிணைப்புன்னுதான் பேரு, அது கூட போகட்டும். அந்தச் சொல்லைக் கேட்டா நம்ம தளத்துக்குப் பின்னாடி நாமளே ஒட்டிக்கிற ஏதோ ஒண்ணுன்னு தோணுது பாருங்க, அதுதான் ஆபத்து. பேக்லிங்க்ங்கிறது வேற ஒருத்தர் அவரோட பக்கத்துலேர்ந்து நம்மளக் காட்டிவிடுறது. நம்ம கையில இல்ல, அதனாலதான் அதுக்கு மதிப்பே.

எங்க மாமா சிங்கப்பூர்ல தேக்கா பகுதியில சேலைக்கடை வச்சிருக்காரு. கடையோட தளத்த நான்தான் பாத்துக்கிறேன். "தேடல்ல மேல வரணும்னா பின்னிணைப்பு நிறைய வேணும் மாமா"ன்னு நான்தான் சொல்லி வச்சேன். அவரு கேட்டுக்கிட்டது "நிறைய", "இணைப்பு" ரெண்டு சொல்லத்தான், எனக்குச் சொல்லாமலே ஒரு இடத்துல 800 வெள்ளி கட்டி மொத்தமா வாங்கிட்டாரு. நாலு மாசம் கழிச்சு கூகுளோட சர்ச் கன்சோல்ல, யாரு லிங்க் குடுத்திருக்காங்கன்னு காட்டுற பட்டியல எறக்கிப் பாத்தா சூதாட்டத் தளம், பல் வைத்தியம், எந்த மொழின்னே தெரியாத வலைப்பூ, எல்லாத்துலயும் பக்கத்தோட அடியில ஒரே ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க்கா அழுத்துற எழுத்து), "சிங்கப்பூர் பட்டுச்சேலை மலிவு விலை", ஒரு எழுத்து மாறல. கீழ போகப் போக ஒரே ஒரு வரி மட்டும் வேற மாதிரி. ஒரு பரதநாட்டிய ஆசிரியை, மாணவியோட அரங்கேற்ற உடையப் பத்தி எழுதுறப்ப, விசிறி மடிப்பு வச்சுத் தைச்சா நிக்கிற மாதிரி பட்டு இந்தக் கடையிலதான் கிடைச்சதுன்னு பத்திக்கு நடுவுல சொல்லி கடை பேர்ல லிங்க் குடுத்திருக்காங்க. யாரும் கேக்கல, காசு குடுக்கல. அத ஒரு அம்மா படிச்சிட்டு தெம்பனிஸ்லேர்ந்து கடை தேடி வந்தாங்க. அந்த வாங்கின கூட்டம் மொத்தத்துக்கும் இந்த ஒண்ணு மேலன்னு மாமாவுக்கு விளக்க எனக்கு சரியான சொல் கிடைக்கலக்கா, அன்னைக்குப் பிடிச்சதுதான் இந்த யோசனை.

லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998ல ஸ்டான்ஃபோர்ட்ல, லிங்க்க வச்சுப் பக்கத்துக்கு மதிப்பு போடுற கூகுளோட பேஜ்ரேங்க் முறையப் பத்தி எழுதினப்பவே அடிப்படை இதுதான், ஆய்வுக் கட்டுரைய மத்தவங்க மேற்கோள் காட்டுற மாதிரி ஒரு பக்கத்த இன்னொரு பக்கம் காட்டுறது, அதுலயும் காட்டுற பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு இருக்குன்னு பாக்குறது. எண்ணிக்கைய மட்டும் ஏத்தினவங்கள 2012ல கூகுள் தேடல்ல பண்ணின பெங்குயின்ங்கிற மாற்றம் வந்து கீழ தள்ளிடுச்சு. இப்ப ஆளாளுக்கு டூல் வச்சு ஒரு தளத்துக்கு நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுறாங்க, அது அந்த டூல் கம்பெனியோட கணக்கு, கூகுளோடது இல்ல.

சரி, சொல்லுக்கு வர்றேன். இணைப்புன்னா ரெண்டு பக்கமும் சேந்து நிக்கிறது. தொடுக்கிறதுக்குத் திசை உண்டு, அம்பு தொடுக்கிறோம், வழக்கு தொடுக்கிறோம், ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தர நோக்கிப் போகுது. ஊர்ப்பக்கம் தொடுப்புன்னா வேற அர்த்தம்னு குழுவுல ஒரு தம்பி சொன்னது நியாயம்தான், ஆனா "வரு" முன்னாடி வந்துட்டா அந்த நினைப்பு வராது. வருமொழி, வருவாய் மாதிரி வருதொடுப்பு. வினைத்தொகைங்கிறதால நேத்து வந்தது, இன்னைக்கு வர்றது, இனிமே வரப்போறது எல்லாம் அடங்கிடுது. வலி மிகாது, சுடுசோறு, ஊறுகாய் மாதிரிதான், தயவுசெஞ்சு யாரும் "வருத்தொடுப்பு"ன்னு எழுதிடாதீங்க.

> குவாலிட்டிக்கு "மாற்று" எப்படி, பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்றோமே

ரொம்ப அழகான சொல் அக்கா, நானும் மூணு நாள் அதையே புடிச்சிட்டு இருந்தேன். சிராங்கூன் ரோடு நகைக்கடையில எடை வேற, 916ங்கிற தர முத்திரை வேறன்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லித் தரவே வேணாம். ஆனா "தொடுப்பு மாற்று"ன்னு எழுதிப் பாருங்க, நீ எனக்குக் குடு நான் உனக்குத் தர்றேன்னு லிங்க் மாத்திக்கிறாங்களே அந்த அர்த்தம்தான் வருது, கூகுள் கூடாதுங்கிறது அதையேதான். அதனால வருதொடுப்புத் தரம்னு எளிமையா விட்டுடலாம். உக்காந்து ஒவ்வொண்ணா பாக்குற வேலைக்கு தொடுப்பாய்வு. யாரு குடுத்தாங்க, எதுக்காகக் குடுத்தாங்க, எந்த வரியில குடுத்தாங்க, மாமாவோட பட்டியல இந்த மூணு கேள்விய வச்சுத்தான் பிரிச்சேன்.

லிங்க்கோட சேத்துப் போடுற குறிப்புகள், 2005ல வந்த நோஃபாலோ, காசு குடுத்த லிங்க்குன்னு காட்டுற 2019ல வந்த ஸ்பான்சர்ட், ரெண்டையும் இதே வேர்ல கொண்டு வரலாமான்னு பாக்குறேன். ஸ்பான்சர்டுக்கு "கட்டணத் தொடுப்பு" போதும்னு படுது. நோஃபாலோவுக்குத்தான் இன்னும் பிடிபடல, லிங்க் இருக்கும் ஆனா குடுத்தவரு அதுக்குப் பொறுப்பேத்துக்கல, "பொறுப்பிலாத் தொடுப்பு"ன்னா திட்டுற மாதிரி இருக்கு. நம்ம சிங்கப்பூர்த் தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி ஐயா முன்வச்ச "இணையம்" எப்படி எல்லார் வாயிலயும் சுலபமா ஒட்டிக்கிச்சு, அந்த மாதிரி வேணும். "சான்றிலாத் தொடுப்பு" எப்படி இருக்குன்னு சொல்லுங்க அக்கா, சனிக்கிழம மாமாகிட்ட பொறுப்பிலா, சான்றிலா ரெண்டையும் சொல்லிப் பாத்துட்டு எது புரியுதுன்னு எழுதுறேன்.