சிங்க் மேல லைட் போடணும்: நிழலும் விழுது, மழைக்கு ட்ரிப்பும் விழுது

பண்டாரவளை_குசினி:
தகரக் கூரை, சீலிங் இல்லை. குசினி நடுவுல ஒரே ஒரு பல்ப் தொங்குது. சிங்க்ல நின்னா வெளிச்சம் முதுகுப் பக்கம், நிழல் சட்டிக்குள்ள. சுவிட்ச் பைப்பிலிருந்து ஒரு முழம்தான். பனி மூடுற காலையிலயும் மழையிலயும் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்துறது) விழுது. சிங்குக்கு மேல 4 அடிப் பலகை இருக்கு. எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டலாமா?

ஹட்டன்_வயரிங்:
ஒட்டலாம். சுவரோரமா வேணாம், பலகையோட முன் விளிம்புக்கு உள்பக்கம் ஒட்டுங்க. அப்பதான் வெளிச்சம் கை மேல விழும். 12 வோல்ட், ஐபி 65 (தண்ணி தெறிச்சாலும் தாங்குறது), 4000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறம்) எடுங்க. 6500 போட்டா வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையா இருக்கும். மீட்டருக்கு 9.6 வாட்னா 4 அடிக்கு ஏறக்குறைய 12 வாட், அதாவது 1 அம்பியர். 2 அம்பியர் ட்ரைவர் (வீட்டு கரண்டை 12 வோல்ட்டாக்குற பெட்டி) போட்டா அதிகம் சூடேறாது. ட்ரைவரை சிங்குக்குக் கீழ மறைக்காம, காத்துப் படுற காய்ஞ்ச சுவர்ல பொருத்துங்க.

ஸ்ட்ரிப் பழுதாகுறது பெரும்பாலும் வெட்டின முனையிலதான். கத்தரிக்கோல் குறியில மட்டும் வெட்டி, மூடி போட்டு நியூட்ரல் சிலிக்கன் பூசுங்க. வினாகிரி வாசம் அடிக்கிற சிலிக்கன் செம்பை அரிச்சு பச்சைக் களிம்பாக்கிடும். பலகையில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பசை நிக்காது, அலுமினியச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கி அதுக்குள்ள ஒட்டுங்க.

நானுஓயா_கரண்ட்:
முதல்ல ட்ரிப்பைப் பாருங்க தங்கச்சி. பனியில தகரத்தோட அடிப்பக்கம் வேர்த்து, தண்ணி வயர் வழியா ஹோல்டருக்குள்ள இறங்கும். 30 மில்லி அம்பியர் கசியுறதுக்குள்ள ட்ரிப் விழணும், விழுது. ட்ரிப்பைத் தவிர்த்து கரண்டை நேரடியாக் கொடுத்து ஓட்டச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. லைட்டுக்கான எம்சிபியை (போர்டுல இருக்குற சின்ன பிரேக்கர்) மட்டும் இறக்கினா போதாது. அது லைவைத்தான் (கரண்ட் வர்ற கம்பி) வெட்டும், நியூட்ரல் (கரண்ட் திரும்புற கம்பி) வழியாவும் கசியலாம். மெயினை இறக்கிட்டு எலக்ட்ரீசியனை வச்சு ஹோல்டரை மாத்துங்க. வயர் மேலிருந்து நேரா உள்ள போகாம, கீழ தொங்கி வளைஞ்சு ஏறணும். சொட்டு அந்த வளைவுலயே விழுந்துடும். சுவிட்சை ஈரக்கை எட்டாத தூரத்துக்கு, கதவுப் பக்கம் மாத்துங்க. எர்த் கம்பி இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. ட்ரிப்போட டெஸ்ட் பட்டனை மாசம் ஒருதரம் அமுக்குங்க.

பண்டாரவளை_குசினி:
நன்றி அண்ணா. இன்னொண்ணு, நடு பல்ப் எல்இடி. சுவிட்சை நிறுத்தினாலும் ராத்திரி மங்கலா எரியுது.

நானுஓயா_கரண்ட்:
சுவிட்ச் நியூட்ரல்ல போட்டிருக்கலாம். அப்படின்னா நிறுத்தினாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்ப் மாத்துற கைக்கு ஆபத்து. சில நேரம் லைவ்ல இருந்தாலும், நீளமா ஒட்டி ஓடுற வயரால கொஞ்சம் கரண்ட் ஏறி மினுங்கும். எதுன்னு எலக்ட்ரீசியனைப் பாக்கச் சொல்லுங்க. சுவிட்சை இடம் மாத்துறப்பவே லைவ்ல போடச் சொல்லிடுங்க, ஒரே கூலியில முடியும்.